வாவிக்கரை மரங்களை என் ஆய்வைக் காட்டி வெட்டாதீர்கள்

எங்கள் பிரதேச சபையின் தவிசாளர் அவர்களுக்கும் உறுப்பினர்கள் அனைவருக்கும்,

மட்டக்களப்பு வாவிக்கரைத் திடலை அபிவிருத்தி செய்வதென நீங்கள் நிறைவேற்றியிருக்கும் தீர்மானத்தை என்னால் ஏற்க முடியவில்லை. அத்திட்டத்தின்படி திடலில் நிற்கும் முதிர்ந்த வாகைகளும் வேம்புகளும் பூவரசுகளும் வெட்டப்படும். நீரோரத்துச் சேற்றில் வளரும் கண்டல் மரங்கள் அகற்றப்பட்டு அந்தச் சேற்றுநிலம் கிரவல் கொட்டி உயர்த்தப்படும். அதன்மேல் கொங்கிறீட் அணையும், இன்ரலொக் கல் பதித்த நடைபாதையும், மின்விளக்குகளும், நுழைவுச்சீட்டுக் கூடமும் வரும்.

எதிர்ப்பதற்கு இதுவே போதும். நான் பகிரங்கமாக எழுத நேர்ந்ததற்கு இன்னொரு காரணமும் உண்டு. உங்கள் திட்ட அறிக்கையில், இத்திட்டம் ஏன் தேவை என்று விளக்கும் பக்கத்தில் என் ஆய்வு சான்றாகக் காட்டப்பட்டிருக்கிறது. சமூக நல்வாழ்வுக்கும் பசுமை வெளிகளுக்கும் உள்ள தொடர்பைப் பற்றி இதே திடலிலும் சுற்றியுள்ள ஒழுங்கைகளிலும் நான் செய்த ஆய்வின் சுருக்கத்தை, ஊருக்குப் பயன்படட்டும் என்று நானே உங்கள் அலுவலகத்தில் கையளித்திருந்தேன். அதிலிருந்து ஒரு வசனத்தை எடுத்திருக்கிறீர்கள்: பசுமை வெளிகள் மக்களின் உடல்நலத்துக்கும் மனநலத்துக்கும் துணைசெய்கின்றன என்பது அது. அதற்கு அடுத்த வசனத்தை விட்டுவிட்டீர்கள். இந்த ஊரில் அந்த நன்மை முதிர்ந்த மரங்களின் நிழலாலும் யாரும் எந்நேரமும் தடையின்றி வந்து உட்காரலாம் என்பதாலுமே கிடைக்கிறது என்று அதில் எழுதியிருக்கிறேன். உங்கள் திட்டம் ஒழித்துவிடப்போவது இந்த இரண்டையும்தான். ஓர் ஆய்வின் முடிவை அதற்கு நேர்மாறான செயலுக்கு ஆதாரமாக்குவதை எந்த ஆய்வாளராலும் பார்த்துக்கொண்டிருக்க முடியாது.

திடலுக்கு யார் வருகிறார்கள் என்பதை உங்களில் பலர் அறிவீர்கள். ஆனாலும் தீர்மானம் நிறைவேறிய கூட்டத்தில் அவர்களைப் பற்றி ஒருவரும் பேசவில்லை என்பதால் இங்கே சொல்லவேண்டியிருக்கிறது.

விடியற்காலையில் தோணியிலிருந்து இறங்குபவர்கள் பெரிய வாகையின் கீழ்தான் வலையை உதறுகிறார்கள். வலையின் ஒரு முனையைக் கால் பெருவிரலில் மாட்டி இழுத்துப் பிடித்தபடி, அறுந்த கண்களை ஊசியால் பின்னுவார்கள். அந்த வாகையின் அடிமரத்தில், ஓர் ஆளின் இடுப்பளவு உயரத்தில், தோணிக் கயிறு தேய்த்துத் தேய்த்து வழுவழுப்பான பள்ளம் ஒன்று விழுந்திருக்கிறது. ஒரு விரல் முழுதாக அதற்குள் பதியும். அதற்கு ஒரு சாண் மேலே உங்கள் ஆட்கள் சிவப்பு மையால் இலக்கம் எழுதியிருக்கிறார்கள்.

வெயில் ஏறியதும் பெண்கள் வருகிறார்கள். பின்னால் உள்ள ஒழுங்கைகளில் வீட்டுக்காணிகள் சிறியவை. பெரும்பாலான வீடுகளுக்குத் தகரமும் சீற்றும்தான் கூரை. கச்சான் என்ற வறண்ட வெப்பக் காற்று வீசும் மாதங்களில் நண்பகலில் அந்த வீடுகளுக்குள் கைக்குழந்தையைக் கிடத்த முடியாது. தாய்மார் பிள்ளைகளைத் தூக்கிக்கொண்டு வேப்பமரத்தடிக்கு வந்துவிடுவார்கள். பன்பாய் பின்னுபவர்களும் அங்கேதான் உட்காருகிறார்கள். வெக்கையில் பன் காய்ந்து முறிந்துவிடும் என்றார் அவர்களில் ஒருவர். பள்ளிக்கூடம் விட்டு ரியூசன் தொடங்கும்வரை பிள்ளைகள் அங்கே காத்திருக்கிறார்கள்.

மாலையில் வருபவர்களைப் பற்றித்தான் நான் அதிகம் எழுதவேண்டும். 2004 டிசம்பர் 26 இல் கடல் புகுந்தபோது நாவலடி, கல்லடி, டச்பார் பக்கமாக உறவுகளைப் பறிகொடுத்த குடும்பங்கள் இந்த ஒழுங்கைகளில் குடியிருக்கின்றன. அவர்களில் சிலர் அன்றுமுதல் கடற்கரைக்குப் போவதில்லை. அலைச் சத்தம் கேட்டால் உடம்பு பதறும் என்கிறார்கள். ஆனால் தண்ணீரருகே பிறந்து வளர்ந்த மனிதர்கள் தண்ணீரைவிட்டு எங்கே போவார்கள்? கடலைப் பார்க்க மனம் வராதவர்கள் வாவியைப் பார்க்க வருகிறார்கள். ஒரு மூதாட்டி பூவரசின் வேரில் உட்கார்ந்து, வாவியின் மேற்கே படுவான்கரைப் பக்கம் பொழுது சாயும்வரை இருந்துவிட்டு எழுந்து போவார். எப்போதாவது என்னிடம் பேசுவார். "வீட்டில் நினைவு வருகிறது, இங்கே மூச்சு வருகிறது, மகள்" என்று ஒருநாள் சொன்னார். போரில் காணாமல் போன மகனைத் தேடி முகாம் முகாமாக அலைந்த தாய் ஒருவரும் அதே மரத்தடிக்கு வருகிறார். இருவரும் அதிகம் பேசிக்கொள்வதில்லை. ஆனால் ஒருவர் வராவிட்டால் மற்றவர் விசாரிக்கிறார்.

மனநல வைத்தியர்கள் போதாத, இருக்கிறவர்களிடம் போகவும் மக்கள் கூச்சப்படுகிற ஒரு மாவட்டத்தில் இந்தத் திடல் என்ன வேலை செய்கிறது என்று எண்ணிப்பாருங்கள். இதற்கு உங்கள் வரவுசெலவுத் திட்டத்தில் ஒரு சதமும் ஒதுக்கப்படவில்லை. மரங்கள் தாமாகச் செய்கின்றன.

இது என் மன உணர்ச்சி மட்டுமல்ல. அமெரிக்காவின் பென்சில்வேனியாவில் உள்ள ஒரு வைத்தியசாலையில் பித்தப்பை சத்திரசிகிச்சை செய்துகொண்டவர்களின் பதிவேடுகளை ரொஜர் அல்ரிச் என்ற ஆய்வாளர் ஒப்பிட்டுப் பார்த்து 1984 இல் வெளியிட்டார். ஜன்னல் வழியே மரங்கள் தெரிந்த அறைகளில் 23 பேர். செங்கல் சுவர் மட்டுமே தெரிந்த அறைகளில் 23 பேர். மரங்களைப் பார்த்தவர்கள் விரைவாக வீடு திரும்பினார்கள். அவர்களுக்குக் கடுமையான வலிநிவாரணிகளும் குறைவாகவே தேவைப்பட்டன. வெறும் ஜன்னல் காட்சிக்கே இவ்வளவு பலன். 2019 இல் இங்கிலாந்தில் ஏறத்தாழ 20,000 பேரின் தகவல்களைக் கொண்டு செய்த ஆய்வு, வாரத்துக்கு 120 நிமிடங்களாவது இயற்கை வெளிகளில் கழிப்பவர்கள் தங்கள் உடல்நலமும் மனநலமும் நன்றாக இருப்பதாகச் சொல்லும் வாய்ப்பு அதிகம் என்று காட்டியது. வீட்டிலிருந்து 300 மீற்றருக்குள், அரை ஹெக்டேயருக்குக் குறையாத பசுமை வெளி ஒன்று எல்லோருக்கும் இருக்கவேண்டும் என்பது உலக சுகாதார நிறுவனத்தின் ஐரோப்பியப் பிரிவு காட்டும் அளவு. பெரிய நகரங்கள் கோடிக்கணக்கில் செலவழித்து அதை உருவாக்கப் பார்க்கின்றன. இந்த ஒழுங்கைகளின் மக்களுக்கு அது ஏற்கெனவே இருக்கிறது.

வெளிநாட்டுக் கணக்கு நமக்கு எதற்கு என்று கேட்பவர்கள் நம் மட்டக்களப்பையே பார்க்கலாம். 1996 இல், போர் நடந்துகொண்டிருந்த காலத்திலேயே, இங்கே வண்ணத்துப்பூச்சி சமாதானப் பூங்கா தொடங்கப்பட்டது. போரைக் கண்ணால் கண்ட தமிழ், முஸ்லிம் பிள்ளைகள் ஒரே தோட்டத்துக்கு வந்து, மண்ணிலும் மரத்தடியிலும் படம் வரைந்தார்கள், கதை சொன்னார்கள், விளையாடினார்கள். காயப்பட்ட மனங்களுக்கு ஒரு தோட்டம் மருந்தாகும் என்பதை உலகுக்குச் சொல்லிக்கொடுத்த ஊர்களில் ஒன்று இது. அந்த ஊரின் சபை, நல்வாழ்வுக்கென்று மரம் வெட்டத் தீர்மானிப்பது எனக்குத் தாங்க முடியாத வேதனையாக இருக்கிறது.

அடுத்து, திட்டத்தின் தலைப்பில் நீங்கள் சேர்த்திருக்கும் காலநிலை நடவடிக்கை.

தென்மேற்குப் பருவக்காற்று மழையை மலைநாட்டின் மேற்குச் சரிவில் கொட்டிவிட்டு, ஈரம் வற்றி, சூடேறி, கச்சானாக நம் பக்கம் இறங்குகிறது. அந்த மாதங்களில் இந்த மாவட்டத்தில் நிழல் என்பது உயிர் காக்கும் விடயம். மரநிழலில் உள்ள தரை, நேர்வெயிலில் கிடக்கும் தரையைவிட உச்சவெப்ப நேரத்தில் 11 முதல் 25 பாகை செல்சியஸ் வரை குளிர்ந்திருக்கும் என்பது அளந்து கண்ட உண்மை. இன்ரலொக் கல்லும் கொங்கிறீட்டும் பகல் முழுதும் வெப்பத்தை வாங்கி வைத்திருந்து, இருட்டிய பின்னும் வெளியே விட்டுக்கொண்டிருக்கும். பஸ் தரிப்பிடத்துக்கு முன்னால் நீங்கள் பதித்த கல்தரையில் சித்திரை வெயிலில் செருப்பில்லாமல் நின்று பாருங்கள். அந்தத் தரையைத்தான் கைக்குழந்தையோடு வரும் தாய்க்குக் கொடுக்கப்போகிறீர்கள்.

ஆறு மாதம் வெயில் என்றால் மற்ற மாதங்களில் வெள்ளம். 2011 ஜனவரி வெள்ளத்தில் நாடளவில் பத்து இலட்சத்துக்கும் மேற்பட்டோர் பாதிக்கப்பட்டனர். மிக மோசமாக அடிபட்ட மாவட்டங்களில் மட்டக்களப்பும் ஒன்று. ஐப்பசி, கார்த்திகையில் வாவி உயரும்போது, வாவி கடலோடு சேரும் முகத்துவாரம் வெட்டித் திறக்கப்படும்வரை தண்ணீர் எங்கே போய் நிற்கிறது? தாழ்ந்த கரையிலும் கண்டல் சேற்றிலும்தான். அந்த இடத்தைக் கிரவலால் உயர்த்திவிட்டால் அதே தண்ணீர் பின்னால் உள்ள ஒழுங்கைகளுக்குள் புகும். அங்கே வடிகான்கள் ஏற்கெனவே தூர்ந்து கிடப்பதைப் பற்றி மக்கள் உங்களிடம் முறையிட்டும் ஆகிவிட்டது. கிரவல் போட்ட கரை காய்ந்திருக்கும், வீடு நனையும்.

கண்டலின் வேர்கள் கரையைப் பிடித்து வைத்திருக்கின்றன, அலையின் வேகத்தைக் குறைக்கின்றன. இறால் குஞ்சும் நண்டும் மீன் குஞ்சும் அந்த வேர்களுக்குள்தான் வளர்கின்றன. அதனால் கண்டலை அழித்தால் வலைக்காரரின் அடுப்பும் அணையும். சேற்றில் அது சேமித்து வைத்திருக்கும் கரிமமோ நிலத்தைக் கிளறியதும் வெளியேறிவிடும். இலங்கை தன் கண்டல்கள் அனைத்தையும் பாதுகாக்கப்போவதாக 2015 இல் அறிவித்தது. அப்படி அறிவித்த முதல் நாடு என்று உலகம் பாராட்டியது. 2024 இல் இலங்கையின் கண்டல் மீளமைப்பு முயற்சியை ஐக்கிய நாடுகள் சபை உலக முன்மாதிரிகளில் ஒன்றாகத் தெரிவுசெய்தது. 2030 இற்குள் காட்டுப் பரப்பை 32 சதவீதமாக்குவதாகவும் 2050 இற்குள் கரிம நடுநிலையை எட்டுவதாகவும் நாடு 2021 இல் வாக்குக் கொடுத்திருக்கிறது. இந்த வாக்குகள் உங்கள் சபை எல்லைக்கு வெளியே நின்றுவிடுமா?

வெட்டும் ஒவ்வொரு மரத்துக்கும் பத்துக் கன்று நடுவோம், கண்டலும் வேறோர் இடத்தில் நடுவோம் என்று அறிக்கை சொல்கிறது. உங்கள் எண்ணத்தை நான் சந்தேகிக்கவில்லை. ஆனால் இந்த வாக்குறுதிக்கு என்ன நேரும் என்பதற்கு நம் நாட்டிலேயே கணக்கு இருக்கிறது. சுனாமிக்குப் பின் இலங்கையில் நடந்த கண்டல் நடுகைகளை ஆராய்ந்து 2017 இல் வெளியான ஆய்வைப் பாருங்கள். 23 இடங்கள் பார்க்கப்பட்டன. அவற்றில் 9 இடங்களில் நட்ட ஒரு கன்றுகூட உயிரோடில்லை. 1,000 முதல் 1,200 ஹெக்டேயர் வரை நடப்பட்டதில் 200 முதல் 220 ஹெக்டேயர் மட்டுமே தேறியது. நீர்மட்டமும் மண்ணும் பொருந்தாத இடங்களில் நட்டார்கள். நட்டபின் பராமரிக்க ஆளில்லை. கன்றுகளை மாடு மேய்ந்தது. படம் எடுத்துக்கொண்டு போனவர்கள் திரும்பி வரவில்லை.

நம் சபையின் மரநடுகை தினங்களும் வேறு மாதிரி முடியவில்லை. வீதியோரம் நட்ட கன்றுகளுக்குக் கட்டிய கம்பிக்கூடுகள் இன்னும் நிற்கின்றன, உள்ளே கன்றில்லை. மாரி முடிந்ததும் தண்ணீர் ஊற்ற யாரும் பொறுப்பாக இல்லை. அடுத்த கச்சானில் எல்லாம் கருகின. தப்பிப் பிழைக்கும் கன்றும் இன்றைய வாகையின் நிழலைத் தர இருபது, முப்பது ஆண்டுகள் ஆகும். பூவரசடி மூதாட்டிக்கு அவ்வளவு காலம் இல்லை.

உங்கள் தரப்பு நியாயங்களையும் கேட்டிருக்கிறேன். பழைய மரங்கள் சூறாவளியில் விழுந்து ஆட்களைக் கொல்லும் என்கிறீர்கள். 1978 நவம்பர் 23 ஐ அனுபவித்த ஊர் இது. ஒரே இரவில் தென்னந்தோட்டங்கள் சரிந்து கிடந்ததை மூத்தவர்கள் இன்றும் நடுக்கத்தோடு சொல்கிறார்கள். அந்தப் பயம் நியாயமானது. ஆகவே ஒவ்வொரு மரத்தையும் தகுதியுள்ளவரைக் கொண்டு பரிசோதியுங்கள். உளுத்துப்போன கிளைகளை வெட்டுங்கள். ஒரு மரம் உண்மையிலேயே ஆபத்தென்றால் அதற்குரிய காரணத்தை எழுதி அந்த மரத்தை மட்டும் அகற்றுங்கள். எல்லாவற்றுக்கும் வரிசையாக இலக்கமிட்டிருப்பது பரிசோதனை ஆகாது.

இருட்டியபின் திடல் பெண்களுக்குப் பாதுகாப்பில்லை என்பதும் உண்மை. நான் பேசிய பெண்கள் பலர் வெளிச்சம் வேண்டும், மலசலகூடம் வேண்டும் என்றார்கள். மரத்தை வெட்டாமல் விளக்குக் கம்பம் நடலாம். இந்த இரண்டையும் நாளைக்கே செய்தாலும் முதலில் நன்றி சொல்பவள் நானாக இருப்பேன்.

உல்லாசப் பயணிகள் வருவார்கள், வருமானம் வரும் என்பது மூன்றாவது நியாயம். வரட்டும். நிழலில்லாத கரையில் நண்பகலில் எந்தப் பயணியும் உலாவ மாட்டார் என்பதைத் தவிர, நுழைவுச்சீட்டுப் பற்றி ஒன்று சொல்லவேண்டும். நாட்கூலிக் குடும்பம் ஒன்று பிள்ளைகளோடு வாரம் இரண்டு மூன்று நாள் சீட்டு வாங்கி உள்ளே போகாது. பன்பாய் பின்னும் பெண் சீட்டு வாங்கிக்கொண்டு வேலைக்கு உட்கார மாட்டார். வலைகாரர் தன் தோணிக்குப் போக யாரிடம் சீட்டு வாங்குவது? கூடம் கட்டப்படும் நாளிலேயே இன்று திடலை நம்பியிருப்பவர்கள் அனைவரும் வெளியே நிற்பார்கள்.

இவர்களிடம் ஏன் கேட்கவில்லை? ஆலோசனைக் கூட்டம் நடந்தது என்று அறிக்கையில் இருக்கிறது. வேலைநாள் ஒன்றின் காலை பத்து மணிக்கு, சபை மண்டபத்தில் அது நடந்தது. அறிவித்தல் சபை அலுவலகப் பலகையில் மட்டும் ஒட்டப்பட்டிருந்தது. அந்நேரத்தில் மீனவர் சந்தையில் நிற்பார், பெண்கள் உலை வைத்திருப்பார்கள். மர மதிப்பீட்டு அறிக்கையையும் மண், நீர் வடிச்சல் பற்றிய அறிக்கையையும் கேட்டு, 2016 ஆம் ஆண்டின் 12 ஆம் இலக்கத் தகவலறியும் உரிமைச் சட்டத்தின் கீழ் விண்ணப்பித்தேன். 14 வேலைநாட்களுக்குள் தீர்மானத்தை அறிவிக்கவேண்டும் என்கிறது சட்டம். அந்தக் காலக்கெடு கடந்துவிட்டது. எனக்கு எந்தப் பதிலும் வரவில்லை.

ஆகவே உங்களிடம் நான் கேட்பவை இவை.

எல்லாவற்றுக்கும் முதலில், ஒரு மரத்தையும் தொடாதீர்கள். கிரவல் ஏற்றிய ஒரு டிப்பரும் கரைக்கு வரவேண்டாம். அடுத்த மாதாந்தக் கூட்டத்தில் வேலைகளை இடைநிறுத்தும் தீர்மானம் ஒன்றைக் கொண்டுவாருங்கள். ஒப்பந்தக்காரர்களிடம் கேள்விப்பத்திரம் கோரப்பட்டிருந்தால் அதையும் நிறுத்திவையுங்கள்.

மரம் மரமாகச் செய்த மதிப்பீட்டையும் வெள்ளநீர் வடிச்சல் பற்றிய மதிப்பீட்டையும் தமிழில் வெளியிடுங்கள். அவை செய்யப்படவே இல்லையென்றால் அதைச் சொல்லிவிட்டுச் செய்யத் தொடங்குங்கள்.

மக்களின் கருத்தைத் திடலிலேயே, மாலை நேரத்தில், மரத்தடியில் வைத்துக் கேளுங்கள். மீனவர் சங்கம், மாதர் சங்கம், பள்ளிவாசல், கோயில், தேவாலய நிர்வாகங்கள், பாடசாலைகள் ஆகியவற்றுக்கு எழுத்தில் அழைப்பு விடுங்கள். கிராம உத்தியோகத்தர் மூலம் வீட்டுக்கு வீடு அறிவியுங்கள். என்ன பேசப்பட்டது என்பதைப் பதிவுசெய்து அறிக்கையோடு சேருங்கள்.

நீரோரத்துக் கண்டல்களை நிரப்பும் பகுதியைத் திட்டத்திலிருந்து முற்றாக நீக்குங்கள். நடைபாதை வேண்டுமென்றால் மரங்களுக்கு உட்பக்கமாக, தண்ணீர் இறங்கும் மண்பாதையாக அமையுங்கள். விளக்கும் மலசலகூடமும் குடிநீர்க் குழாயும் இந்த ஆண்டு ஒதுக்கீட்டிலேயே வரட்டும். நுழைவுக் கட்டணம் எக்காலத்திலும் இல்லை என்று சபை தீர்மானிக்கவேண்டும்.

இனி எங்கே கன்று நட்டாலும், குறைந்தது மூன்று ஆண்டுகளுக்குத் தண்ணீர் ஊற்றவும் காவல் பார்க்கவும் பணமும் பொறுப்பான ஆளும் ஒதுக்கிவிட்டு நடுங்கள். எத்தனை நட்டோம் என்பதோடு எத்தனை உயிரோடிருக்கின்றன என்பதையும் ஆண்டுதோறும் அறிவியுங்கள்.

என் ஆய்வை அறிக்கையில் வைத்திருப்பதானால் விடுபட்ட வசனங்களோடு முழுமையாகச் சேருங்கள். அது முடியாதென்றால் என் ஆய்வு பற்றிய குறிப்பை முற்றாக அகற்றிவிட்டு, அகற்றியதை எனக்கு எழுத்தில் அறிவியுங்கள். நான் சேகரித்த தகவல்களை, பேசியவர்களின் அடையாளம் வெளிப்படாத வகையில், சபைக்கு எப்போது வேண்டுமானாலும் தரத் தயார். கூட்டத்துக்கு அழைத்தால் வந்து விளக்குவேன்.

மாரி தொடங்கும் முன் வேலையை ஆரம்பிப்பதாக உங்கள் அறிவித்தல் சொல்கிறது. எனவே அடுத்த மாதாந்தக் கூட்டத்துக்கு முன் உங்கள் எழுத்துமூலப் பதிலை எதிர்பார்க்கிறேன். பதில் வராவிட்டால் இதே கோரிக்கைகளை, ஒழுங்கைகளில் வசிப்பவர்களின் கையொப்பங்களுடன், பிரதேச செயலாளரிடமும் கரையோரத்துக்கும் சுற்றாடலுக்கும் பொறுப்பான திணைக்களங்களிடமும் தகவலறியும் உரிமைக்கான ஆணைக்குழுவிடமும் கையளிப்போம்.

இப்படிக்கு,
வாவிக்கரை ஒழுங்கையில் வசித்து இத்திடலில் ஆய்வு செய்யும் ஒருத்தி,
மட்டக்களப்பு